“வூட்ல சொல்லிக்கினு வந்தியா?”

பாளையங்கோட்டையிலிருந்து என் பெரியம்மா சென்னைக்கு வந்து இறங்கிய மறுநாளே அந்தக் கேள்வி அவளைத் தேடி வந்துவிட்டது.

கபாலீசுவரர் கோயிலில் தரிசனம் முடித்துக்கொண்டு தெற்கு மாட வீதியைக் கடந்துகொண்டிருந்தோம். பாதித் தெருவில் பெரியம்மாவுக்குக் கோபுரத்தின் ஞாபகம் வந்துவிட்டது. அப்படியே நின்று, திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நிதானமாக ஒரு கும்பிடு போட்டாள். வேகமாக வந்த ஆட்டோ ஒன்று அவளுடைய புடவைத் தலைப்புக்கு அரை முழம் தள்ளிக் கிரீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“இன்னாம்மா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?”

பெரியம்மா மரியாதை தெரிந்தவள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகலாமா?

“சொல்லாம வருவேனாப்பா? தங்கச்சி மக கூடத்தானே வந்திருக்கேன்!” என்றாள்.

டிரைவர் சிரித்த சிரிப்பில் அவருடைய கோபமெல்லாம் பறந்துவிட்டது. ஓரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மாவும் நார் கையிலிருந்து நழுவ விழுந்து விழுந்து சிரித்தாள். விஷயம் புரியாமல் பெரியம்மாவும் கொஞ்சம் சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அர்த்தத்தைச் சொன்னேன். “இப்படி நடுத் தெருவில் நிற்கிறாயே, உயிரோடு வீடு திரும்பப் போவதில்லை, கடைசியாக விடை பெற்றுக்கொண்டுதானே வந்தாய்?” என்பதுதான் அதன் தாத்பரியம். பெரியம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

“ஏட்டி, நல்ல நாளும் பொழுதுமா என்ன பேச்சு பேசுதான் அவன்! இது ஒரு பாஷையா?”

மறுநாள் பூக்காரம்மாவிடமே இந்த வழக்கைக் கொண்டுபோய்விட்டாள். அவள் வழக்கம்போல் சிரிப்பாள் என்று பார்த்தால், அன்று சிரிக்கவில்லை.

“எம் பொண்ணும் அதான் சொல்லுதும்மா. அடுத்த வாரம் அதுக்கு இண்டர்வியூ. ‘கூட்டாளிங்க போன் பண்ணா நீ எடுக்காத, உன் பேச்சு கேட்டா சிரிப்பாங்க’ன்னுது. நான் வாயத் தொறந்தாலே அதுக்கு பேஜாராக் கீது.”

அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கூவம் கரையில் இருந்தது. இப்போது பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. 2021-ல் மகளிருக்கு வந்த இலவச பஸ் பயணம் இல்லாவிட்டால் மயிலாப்பூருக்கு வந்து பூ விற்கவே கட்டாது என்பாள். கூவம் கரைவாசிகள் பலர் இப்படித்தான் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு ஓரத்துக்குப் போயிருக்கிறார்கள். விலாசத்தைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதோடு பேச்சும் சேர்ந்துகொண்டால் வேலை கிடைக்குமா என்பது அந்தப் பெண்ணின் பயம். பி.காம். முதல் வகுப்பில் தேறியவள்.

“பிள்ளை சொல்லுதது சரிதான். பேச்சைத் திருத்திக்கிடணும்” என்று பெரியம்மா தீர்ப்பளித்துவிட்டாள்.

எனக்கு அது சமாதானமாக இல்லை. “பெரியம்மா, ஊர் சுற்றத்தானே வந்திருக்கிறீர்கள்? இந்தப் பாஷை பிறந்த இடங்களைக் காட்டுகிறேன், வாருங்கள்” என்று பஸ் ஏற்றினேன்.

முதலில் திருவல்லிக்கேணி. 1768-ல் ஆற்காட்டு நவாப் வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு வந்த பிறகு, இந்த வட்டாரத்தில் உருது மொழி குடியேறிவிட்டது. பார்த்தசாரதி கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு நடந்தால், சற்று தூரத்தில் 1795-ல் கட்டிய வாலாஜா மசூதி. கோயில் மணியும் பாங்கு ஒலியும் கேட்கும் தெருக்களில் சொற்கள் மட்டும் தனித்தனியாகவா வாழும்?

பூக்காரம்மா சொன்ன ‘பேஜார்’ இங்கே வந்ததுதான். உருதுவில் ‘பேஜார்’ என்றால் சலித்துப்போன நிலை. ‘பேமானி’ என்று திட்டுகிறார்களே, அது ‘பே ஈமான்’. நாணயம் இல்லாதவன் என்று பொருள். காலைப் பலகாரத்துக்கு ‘நாஷ்டா’, எச்சரிக்கைக்கு ‘உஷார்’, தைரியத்துக்கு ‘தில்’ எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

“உஷாரா இருன்னு நானும்தான் சொல்லுதேன்” என்றாள் பெரியம்மா. “பார்த்தீர்களா!” என்றேன்.

அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை. கூவம் வளைந்து போகும் இடத்தில், 1734-ல் கும்பெனியார் நெசவாளர்களுக்கென்று உண்டாக்கிய பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தெலுங்கு பேசும் குடும்பங்கள் சென்னையில் நிறைந்திருந்த காலம் அது. தகப்பனாரை ‘நைனா’ என்று அழைப்பது தெலுங்கு ‘நாயனா’. வேலை வெட்டி இல்லாதவனைச் ‘சோமாரி’ என்று வைகிறார்களே, தெலுங்கில் சோமரி என்றால் சோம்பேறி; அவ்வளவுதான்.

கையிலிருந்த சில்லறையைக் காட்டி, “துட்டு என்கிறோமே, அது கடல் தாண்டி வந்தது. பழவேற்காட்டில் 1600-களில் கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்களின் செப்புக் காசுக்கு ‘டொய்ட்’ என்று பெயர்” என்றேன்.

“அப்போ சொந்தச் சரக்கே கிடையாதா இவங்களுக்கு?” என்று மடக்கினாள் பெரியம்மா.

ஏன் இல்லை? ‘வூட்டாண்ட வா’ என்பதில் இருப்பது வீட்டு அண்டை. அண்டை வீடு, அண்டை நாடு என்று நாம் எழுதும் அதே அண்டை. ‘அப்பால வரேன்’ என்பதில் உள்ள ‘அப்பால்’ பழந்தமிழ். ‘இஸ்துக்கினு’ என்பது இழுத்துக்கொண்டு. அவசரமான ஊரில் ‘கொண்டு’ தேய்ந்து ‘கினு’ ஆகிவிட்டது. நாமும் ‘வந்துகொண்டு இருக்கிறேன்’ என்றா சொல்கிறோம்?

டீக்கடையில் உட்கார்ந்தபோது பெரியம்மா மெதுவாக, “அந்தக் ‘கஸ்மாலம்’ எந்த ஊருச் சரக்கு?” என்று கேட்டாள். நேற்று இரண்டு பேர் சண்டை போட்டபோது காதில் விழுந்ததாம்.

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

“நீங்கள் தினம் காலையில் பாராயணம் செய்கிறீர்களே கீதை, அதில் இரண்டாவது அத்தியாயம், இரண்டாவது சுலோகம். அர்ஜுனன் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது, ‘இந்த நேரத்தில் உனக்கு எங்கிருந்து வந்தது இது?’ என்று பகவான் கேட்கிறாரே, ‘இது’ என்று எதைச் சொல்கிறார்?”

பெரியம்மா உதட்டுக்குள் சுலோகத்தை முணுமுணுத்தாள். சட்டென்று நின்றது. “கச்மலம்!” என்றாள். கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை அப்புறம் பேசவே இல்லை. மனத்தின் மாசையும் மயக்கத்தையும் குறிக்கும் அந்த வடசொல்தான், தெருவுக்கு வந்து அழுக்கைக் குறிக்கும் வசவாகியிருக்கிறது.

“அது சரி, அந்தச் ‘சாவு கிராக்கி’? அதுக்கும் சுலோகம் சொல்லுவியோ?”

அதுவும் கூப்பிடு தூரம்தான். கிராஹகன் என்றால் வாங்குபவன். கிராக்கி அந்தக் குடும்பத்துச் சொல். 1973-ல் தமிழக அரசு கை ரிக்ஷாவை ஒழிக்கும்வரை, மனிதனை மனிதன் இழுத்துக்கொண்டு இந்தத் தெருக்களில் ஓடினான். அவனுக்குச் சவாரிக்கு வருகிறவர் கிராக்கி. வண்டிக்குக் குறுக்கே வந்து விழுகிறவர் சாவு கிராக்கி. பயந்து போனவன் வாயிலிருந்து வருகிற வசவு அது.

“இருந்தாலும் சாவுன்னு சொல்லலாமாட்டீ?”

“பெரியம்மா, சின்ன வயதில் நான் பாலைக் கொட்டினால் என்னை என்னவென்று வைவீர்கள்?”

யோசித்தாள். “சவத்து மூதீன்னு...” என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சவம் என்றால் பிணம், மூதி, மூதேவி. திருநெல்வேலியில் அதைப்போல் பிரியமான வசவு உண்டா? வைத பிறகு இன்னொரு தம்ளர் பால் வரும்.

திரும்பும் வழியில் பெரியம்மாவே யோசனையாகச் சொன்னாள்: “நம்ம வசவை நாம வட்டார வழக்குங்கோம். இவங்க பேசினா மட்டும் கொச்சைங்கோம்.”

இதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 1959-ல் ‘சகோதரி’யில் சந்திரபாபு, 1963-ல் ‘பார் மகளே பார்’ படத்தில் மெக்கானிக்காக வந்த சோ என்று, சென்னைத் தமிழ் பேசியவர்கள் நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார்கள். நல்ல சிரிப்புத்தான். ஆனால் அதைப் பேசுகிற மனிதர் அழுதாலும் சிரிக்கப் பழகிவிட்டோமே! ஜெயகாந்தன் போன்ற சிலர்தான் அந்தப் பாஷைக்குக் கண்ணீரும் உண்டு என்று எழுதிக் காட்டினார்கள்.

மறுநாள் பூக்காரம்மாவின் பெண் கடையில் இருந்தாள். பெரியம்மா அவள் பக்கத்திலேயே குந்திவிட்டாள். (குந்துவதும் நல்ல தமிழ்தான்!)

“ஏட்டி, ஆபீசுல ஆபீசுப் பேச்சுப் பேசு. நானும் எங்க ஊரு கலெக்டர்கிட்டப் போனா ‘ஏலே’ன்னா கூப்பிடுவேன்? ஆனா அம்மாகிட்ட அம்மா பேச்சைப் பேசு. அவ பேச்சுல கீதையே இருக்குட்டீ” என்று கஸ்மாலத்தின் கதையைச் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சரத்தில் நான்கு கண்ணி கட்டினாள். ஒரு பிரசங்கத்தில் மனசு மாறிவிடும் என்று நானும் நம்பவில்லை.

பெரியம்மா ஊருக்குக் கிளம்பிய தினம்தான் இண்டர்வியூவும். ரயிலுக்குப் பூ வாங்கப் போனோம். கடையில் பூக்காரம்மாவின் போன் அடித்தது. அவள் எடுக்கத் தயங்கினாள். பெரியம்மா கண்ணால் அதட்டவும் எடுத்தாள். ஸ்பீக்கரில் பெண்ணின் குரல் கேட்டது. பின்னால் நாலு பேர் பேசுகிற சத்தமும் கேட்டது.

“யம்மா, முட்ச்சிட்டேன். ரிசல்ட்டு அப்பாலதான் சொல்வாங்களாம். நீ நாஷ்டா துன்னியா?”

பூக்காரம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பையில் இரண்டு முழம் கூடுதலாக வைத்தாள். துட்டு வாங்கவில்லை.

“பத்திரமாப் போய்க்கினு வாம்மா” என்றாள்.

ஆட்டோவில் ஏறப்போன பெரியம்மா திரும்பிப் பார்த்து, பாளையங்கோட்டை ராகத்தில் கணீரென்று குரல் கொடுத்தாள்:

“வூட்ல சொல்லிக்கினுதான் போறேன்!”