சீமைக்கருவேலப் புகையில் ஒரு டெக்சாஸ் ஞாயிறு

சான் அன்டோனியோவில் மகள் வீட்டுக்குப் போன இரண்டாவது நாள், மாப்பிள்ளையோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அடுப்புக்கரிப் பைகள் அடுக்கியிருந்த இடத்தில் என் கால் தானாக நின்றுவிட்டது. கரிக்குப் பக்கத்தில், கைப்பிடி அளவுக்கு வெட்டிய விறகுத் துண்டுகளை அழகான பையில் போட்டு வைத்திருந்தார்கள். பையின் மேல் ‘மெஸ்கீட்’ என்று எழுதியிருந்தது.

“அத்தை, இது யாருன்னு தெரியுதா? நம்ம ஊர் சீமைக்கருவேல மரத்தோட பங்காளி” என்றார் மாப்பிள்ளை.

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் உண்மைதான். நம் ஊரில் மண்டிக்கிடப்பது புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா. டெக்சாஸில் இருப்பது அதே இனத்தின் இன்னொரு வகை. இலையைப் பார்த்தாலும், முள்ளைப் பார்த்தாலும், தொங்கும் காயைப் பார்த்தாலும் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம். புல்வெளியை எல்லாம் பிடித்துக்கொள்கிறது என்று அங்கே மாடு வளர்ப்பவர்களும் இந்த மரத்தைத் திட்டுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த எனக்கு அந்தத் திட்டு புதிதல்ல. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே ‘அகற்றுங்கள்’ என்று உத்தரவு போட்ட மரமாயிற்றே!

ஆனால் டெக்சாஸ்காரர்கள் திட்டுவதோடு நிறுத்தவில்லை. அந்த மரத்தின் புகையில் கறி சமைத்து, அதை ஊரின் பெருமையாகவே ஆக்கிவிட்டார்கள்.

தணலைத் தூக்கிக்கொண்டு போன குடும்பம்

அந்தப் பெருமையைப் பார்க்க ஒரு சனிக்கிழமை லாக்ஹார்ட் போனோம். சான் அன்டோனியோவிலிருந்து வடகிழக்கே சுமார் 110 கிலோமீட்டர். சின்ன ஊர். டெக்சாஸ் மாநிலத்தின் ‘பார்பெக்யூ தலைநகர்’ என்று சட்டமன்றமே பட்டம் கொடுத்த ஊர். காரை விட்டு இறங்கியதுமே புகை வாசனை வரவேற்றது.

அங்கிருக்கும் ‘கிரூஸ் மார்க்கெட்’ 1900-ல் தொடங்கிய கடை. இந்தப் பகுதியில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் நாட்டுக்காரர்களும் கறிக்கடை நடத்தினார்கள். விற்காமல் மிஞ்சிய கறி கெடாமல் இருக்கப் புகை போட்டார்கள். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதை வாங்கி, கடைத் தாளிலேயே வைத்துக் கையால் சாப்பிட்டார்கள். இன்றும் அங்கே தட்டு கிடையாது. கெட்டித் தாளில்தான் கறி வருகிறது.

வியாபாரம் மகன்களிடம் இருந்தது; அப்பா காலமான பிறகு பழைய கட்டடம் மகளுக்கு என்று ஆனது. வாடகை விஷயத்தில் ஒத்துவரவில்லை. 1999-ல் மகன் கடையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார். அப்போது பழைய அடுப்பின் தணலைத் தொட்டியில் அள்ளி, தெருவழியே இழுத்துக்கொண்டுபோய்ப் புது அடுப்பில் போட்டார்கள். மகள் பழைய கட்டடத்திலேயே ‘ஸ்மிட்டீஸ்’ என்று கடை போட்டார். இரண்டும் நடக்கின்றன. சொத்துத் தகராறு எந்த ஊரில்தான் இல்லை! ஆனால், பிரிந்து போகும்போதும் அப்பா மூட்டிய நெருப்பை அணையவிடாமல் கொண்டுபோனார்களே, அது என் மனதில் நின்றுவிட்டது.

லாக்ஹார்ட் பக்கம் ஓக் விறகுதான் அதிகம். தெற்கிலும் மேற்கிலும் போகப் போக மெஸ்கீட்.

பக்கத்து வீட்டு அழைப்பு

மறுநாள் ஞாயிறு. பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஓய்வு பெற்றவர். என் பேத்திக்கு ஐந்து வயது. அவருக்கு அவள் என்றால் உயிர். “இன்றைக்குப் புகை போட்ட ஹாம்பர்கர்” என்றார்.

ஹாம்பர்கர் என்ற பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்தது. அதை ரொட்டிக்கு நடுவே வைத்து முதலில் விற்றது யார் என்பதில் அமெரிக்காவில் பல ஊர்களுக்குப் போட்டி. டெக்சாஸில் இருக்கும் ஏதென்ஸ் என்ற ஊரும் ‘நாங்கள்தான்’ என்கிறது. வழக்கமாக அது சட்டென்று சுட்டு எடுக்கும் பண்டம். புகை போடுவது என்றால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும்.

அவர் வீட்டுக் கொல்லையில் உருண்டையான இரும்பு அடுப்பு ஒன்று மூன்று காலில் நின்றது. 1952-ல் சிகாகோ பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில், கடலில் மிதக்கவிடும் மிதவையை இரண்டாக வெட்டி உருவாக்கிய வடிவம் அது. கீழே ஒரு காற்றுத் துளை, மூடியில் ஒரு காற்றுத் துளை. அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

கரியை ஒரு பக்கம் மட்டும் குவித்துப் பற்றவைத்தார். மறுபக்கம் காலி; அங்கே ஒரு தட்டில் தண்ணீர். கங்கு சாம்பல் பூத்ததும் அதன் மேல் இரண்டே இரண்டு மெஸ்கீட் துண்டுகள். “ஏன் இவ்வளவு கொஞ்சம்?” என்று கேட்டேன். மெஸ்கீட் புகை காரமானது, அதிகமானால் கறி கசந்துவிடும் என்றார்.

அவருக்கும் அவர் மனைவிக்கும் மாட்டுக்கறி. எங்களுக்குக் கோழிக் கொத்துக்கறி. ஒவ்வொன்றும் 150 கிராம் அளவில் வடை மாதிரித் தட்டி, நடுவில் கட்டை விரலால் ஒரு குழி. வேகும்போது நடுப்பகுதி உப்பாமல் இருக்க அந்தக் குழி. உப்பும் மிளகும் அடுப்பில் வைக்கும் நேரத்தில் மேலாக மட்டும்தான். முன்னதாகவே உப்பைப் பிசைந்து வைத்தால் கறி ரப்பர் மாதிரி இறுகிவிடுமாம். கரி இல்லாத பக்கத்தில் வைத்து மூடிவிட்டார்.

நான் மறைத்து வைத்திருந்த விஷயம்

பத்து நிமிடம் போயிருக்கும். மூடித் துளையிலிருந்து வெள்ளையாக, கெட்டியாகப் புகை வர ஆரம்பித்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“மாப்பிள்ளை, நெருப்புக்கு மூச்சு முட்டுது. கீழ்த் துளையைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க.”

பெரியவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் திறந்தார். சற்று நேரத்தில் புகை மெலிந்து, நீலம் பாய்ந்த மாதிரி ஆனது. அந்த மெல்லிய நீலப் புகைதான் வேண்டுமாம். வெள்ளைப் புகை கறியில் கசப்பை ஏற்றிவிடும். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. என் அப்பா முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் மூடி, உள்ளே நெருப்பு வைத்து, நாள்கணக்கில் காவல் இருப்பார். எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்றுப் புகுந்தால் மொத்த விறகும் எரிந்து சாம்பலாகிவிடும். ராத்திரி எழுந்து போய் ஓட்டையை அடைப்பார். சில நாள் நானும் லாந்தர் பிடித்துக்கொண்டு கூடப் போயிருக்கிறேன். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

பள்ளிக்கூடத்தில் என்னைக் ‘கரிக்காரர் மகள்’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் போகவேண்டும் என்றுதான் படித்தேன், வேலைக்குப் போனேன். தாத்தா ‘விறகு வியாபாரம் செய்தார்’ என்றுதான் என் மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் இருமி இருமிக் கழித்த கடைசி வருடங்களைப் பற்றியும் பேசியதில்லை. அன்றைக்கு அந்தக் கொல்லையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோஜா நிறத்தில் ஒரு பயம்

முக்கால் மணி நேரம் கழித்து, வடைகளைக் கங்குப் பக்கம் நகர்த்தி இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் சுட்டார். முதலில் பேத்திக்குத்தான். ரொட்டியில் வைத்துக் கொடுத்தார். பிள்ளைக்குச் சின்னதாக இருக்கட்டும் என்று நான் பாதியாகப் பிட்டேன். ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு.

“வேகலை! கொடுக்காதீங்க!” என்று தட்டை வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.

“அம்மா, கொஞ்சம் சும்மா இரும்மா” என்றாள் மகள், முகம் சுருங்கிப்போய். பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். கூப்பிட்டு விருந்து வைத்தவரை அவமானப்படுத்திவிட்டோமே என்று எனக்கும் கூசியது.

பெரியவர் கோபப்படவில்லை. நீளமான ஊசி வைத்த தெர்மாமீட்டரை எடுத்துவந்து, நான் பிட்ட பாதியின் பக்கவாட்டில் செருகினார். 168 டிகிரி ஃபாரன்ஹீட். கோழிக்கு 165 வந்தால் போதும், அதாவது 74 செல்சியஸ். வெந்துதான் இருந்தது.

அப்படியானால் அந்தச் சிவப்பு? அது புகையின் வேலை. விறகு எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு, கறியில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறமியோடு சேர்ந்து அந்தச் சிவப்பை அப்படியே நிறுத்திவிடுகிறது. எவ்வளவு வெந்தாலும் மாறாது.

அதோடு விடவில்லை. அடுப்பின் ஓரத்தில் இருந்த ஒரு மாட்டுக்கறி வடையைக் காட்டினார். வெளியே நன்றாகப் பழுப்பேறி, பார்க்க முறுகலாக இருந்தது. ஊசியைச் செருகினார். 148தான். கொத்துக்கறிக்கு 160 வேண்டும், அதாவது 71 செல்சியஸ். “இதைத்தான் நீங்கள் வெந்துவிட்டது என்று நம்பியிருப்பீர்கள்” என்று சொல்லிவிட்டு மூடிவைத்தார்.

முழுத் துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். சூடு பட்டதும் போய்விடும். கொத்தும்போது அந்த மேற்பரப்பு உள்ளே கலந்துவிடுகிறது. அதனால் நடுவரை வெந்தாக வேண்டும். 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டு 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். “நீங்கள் தட்டை இழுத்தது தப்பே இல்லை. கண்ணை நம்பியதுதான் தப்பு” என்றார். பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வாய் சாப்பிட்டாள்.

நானும் சாப்பிட்டேன். வெளியே லேசான கரகரப்பு, உள்ளே ஈரம் வற்றாத கறி. தொண்டையில் இறங்கும்போது எங்கள் ஊர் மூட்டத்தின் வாசனை.

நம் வீட்டில் செய்ய

ஊருக்குத் திரும்பியதும் மொட்டை மாடியில் செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம்.

• கோழியின் தொடைக்கறியாகக் கொத்தி வாங்குங்கள். நெஞ்சுக்கறி மட்டும் என்றால் வறண்டுவிடும். ஆட்டுக் கொத்துக்கறி என்றால் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும்.

• மூடி போட்ட கரி அடுப்பு எதுவானாலும் சரி. கரி ஒரு பக்கம், கறி மறுபக்கம். மூடியின் துளை கறிக்கு மேலே இருந்தால் புகை அதன் வழியாகப் போகும். உள்ளே சூடு 107 முதல் 120 செல்சியஸ் வரை இருக்கட்டும்.

• நன்கு காய்ந்த சீமைக்கருவேலத் துண்டு ஒன்றோ இரண்டோ போதும். பெயின்ட், வார்னிஷ் அடித்த கட்டை கூடவே கூடாது.

• திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு மூடிய அறையில் உயிரையே எடுத்துவிடும்.

• சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். பக்கவாட்டில் நடுவரை செருகிப் பாருங்கள். கோழிக்கு 74, ஆட்டுக்கு 71 செல்சியஸ்.

கிளம்பும் முன் பெரியவர் ஒரு பை மெஸ்கீட் துண்டுகளைப் பரிசாக நீட்டினார். “எங்க ஊரில் இதை வேரோடு பிடுங்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்” என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் வீடியோ காலில் பேத்தி ஒரு படம் காட்டினாள். மண்குவியலில் இருந்து புகை வருகிறது, பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். “ஸ்கூலுக்கு வரைஞ்சேன் அம்மாச்சி. இது உங்கப்பா. கரி செய்றவர்.”

புகைக்கு என்ன நிறம் அடித்திருக்கிறாய் என்று கேட்டேன். “நீலம்தானே நல்ல புகை?” என்றாள்.