சால் முன்னே, கல் பின்னே

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் தஞ்சைக்குக் கீழ்பால் உள்ள எம் சிற்றூருக்குச் சென்றபோது, பௌதிகம் பயிலும் நண்பன் ஒருவனும் உடன் வந்தான். அவன் ஒரு மெய்நிகர்க் கண்ணாடி கொணர்ந்திருந்தான். முகத்திற் கட்டிக்கொண்டால் பிறிதோர் இடத்தில் நிற்பதாகவே தோன்றச் செய்யும் கருவி அஃது. 2025 ஜூன் மாதம் கல்லணையில் நீர் திறந்த பின்னர், அவ்விடத்தை நாற்புறமும் படமெடுத்து அதனுள் அமைத்திருந்தான். என் பாட்டனாருக்கு வயது 84. அவர் கல்லணையைக் கண்டு ஆண்டுகள் பலவாயின. இனிப் பேருந்தேறிச் செல்லவும் இயலாது. அவர்க்கு அதனைக் காட்ட விரும்பினோம்.

முதல் முயற்சி இரண்டு நிமிடத்தில் முடிந்தது. "போதும் தம்பி, கழுத்து இற்றுப்போகிறது" என்று கழற்றிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கருவி 2023-இல் வெளிவந்த மெட்டா குவெஸ்ட் 3. எடை 515 கிராம். அரைக்கிலோ ஒரு பாரமோ என்று நகையாதீர்கள், நண்பர்களே. இளமையில் நெற்கட்டுச் சுமந்து தேய்ந்த கழுத்து அது. அன்றியும் நெற்கட்டு சும்மாட்டின்மேல் தலைக்கு நேரே நிற்பது. இதுவோ மூக்குக்கு முன்னே தொங்குவது. முன்பாரம் தலையைக் கவிழ்க்கப் பார்க்கும். பிடரித் தசைகள் ஓயாது பின்னுக்கு இழுத்தல் வேண்டும். நண்பன் இதனை விளக்கிக் காகிதத்திற் கணக்கிடத் தொடங்கினான். பாட்டனார் கணக்கின்றியே முடிவு கூறினார்: "ஏற்றத்துக்குப் பின்கல் கட்டுவதில்லையா? இதற்கும் கட்டு."

மின்சார இறைப்பு வருமுன் அவர் கொடிக்காலில் ஏற்றம் இறைத்தவர். துலாமரத்தின் ஒரு தலையில் சால், மறுதலையில் கல். "கல் குறைந்தால் சால் ஏறாது, மிகுந்தால் இறங்காது" என்றார். எம் கணக்கும் அதுவே கூறிற்று: எடையைத் தூரத்தாற் பெருக்கிய பயன் இருபுறமும் நெருங்கிவரவேண்டும், முற்றும் ஒத்தல் வேண்டுவதில்லை.

பாட்டியாரின் சுருக்குப்பையில், கடைக்காரர்கள் வாங்க மறுத்த பத்து ரூபாய் நாணயங்கள் திரண்டிருந்தன. ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். நாற்பது நாணயம் இட்டு, சுமார் 300 கிராமாக்கிப் பின்பட்டையிற் கட்டினோம். பாரம் கூடியது, நோவு குறைந்தது. இம்முரணை நம்ப எனக்கு நெடுநேரமாயிற்று. 2025 அக்டோபரில் வெளிவந்த புதிய விஷன் புரோ கருவிக்கு ஆப்பிள் நிறுவனத்தாரும் பின்பட்டையில் டங்ஸ்டன் துண்டுகளைப் பொதிந்திருக்கின்றனர் என்று நண்பன் சொன்னான். கனமிகு உலோகமாதலின் சிறிதிடமே போதும்.

இதிற் குறையுமுண்டு. தலையை விரைந்து திருப்பினால் பை ஆடிற்று, இறுகத் தைத்தோம். சுவரிற் சாய்ந்தால் பை உறுத்திற்று. ஆகவே திண்ணையின் நடுவே அமர்த்தினோம். கூட்டிய எடை விரைந்த அசைவுக்குத் தடையேயாம். துள்ளி விளையாடுவோர்க்கு இது பொருந்துமென்று நான் கருதவில்லை. பாட்டனார் விளையாட வந்தவரல்லர்.

அன்று பன்னிரண்டு நிமிடம் பார்த்தார். மதகு வழியே நுரைத்து வரும் நீரைத் தொடுவார்போல் கையை நீட்டினார். பின்பு இடப்புறம் மெல்லத் திரும்பி, "வெண்ணாற்றுக்கு எவ்வளவு விட்டிருக்கிறான்?" என்று வினவினார். எம் வயலுக்கு நீர் தருவது வெண்ணாறு.

மறுநாட் காலையில் காப்பி வருமுன்னரே சுருக்குப்பையைத் தேடினார்.