பூ கட்டும் கை

"விரலை விரிங்கம்மா" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விரியவில்லை. அவர் முயல முயல முழங்கை மடங்கி, தோள் ஏறி, கை இறுகியதுதான் மிச்சம். பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது பக்கம். அதற்கு முன் முப்பது வருஷம் கோயில் வாசலில் பூ கட்டி விற்றவர்.

இன்று காலை நூறு கிராம் உதிரி மல்லியும் ஒரு நூல்கண்டும் வாங்கிப் போய் மேசையில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை நூலை எடுத்தது. வலது கை மேசையோடு உரசிக்கொண்டு நகர்ந்தது. மொட்டுக்கு நாலு விரற்கடை இருக்கும்போதே கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் விலகின. ஒரு நெல் அளவுதான், ஆனால் விலகின. மூன்று மொட்டு நசுங்கிப்போயிற்று, நாலாவது விரலிடையில் நின்றது. முடிச்சு விழவில்லை.

*

பொருளைத் தொட்ட பிறகா கை விரிகிறது? வழியிலேயே விரிகிறது. பிரான்சில் மார்க் ழானரோ 1980களில் இதை அளந்தார். எட்டும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கழியும்போது விரல்கள் மிக அகலமாக விரிந்து, பிறகு பொருளின் அளவுக்குச் சுருங்குகின்றன. சொம்புக்கு ஒரு விரிவு, ஊசிக்கு ஒரு விரிவு. முன்னால் ஒன்றுமே இல்லாமல் "விரி" என்றால் எவ்வளவு விரிப்பது? ஒரு வாரம் அந்த அம்மாவிடம் நான் கேட்டது அதைத்தான்.

*

நிக்கோலாய் பெர்ன்ஷ்டைன், மாஸ்கோ, 1920கள். சுத்தியல் அடிக்கும் தொழிலாளியின் கை மூட்டுகளில் சிறு விளக்குகளைக் கட்டிப் படமெடுத்தார். கைதேர்ந்த ஆள்; சுத்தியல் உளியில் சரியாக விழுகிறது. ஆனால் தோளும் முழங்கையும் போன பாதை அடிக்கு அடி வேறு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஏழு விதமான அசைவு உண்டு. ஓர் இடத்தைத் தொட மூன்றே போதும். மிச்சத்தை வைத்துத்தான் கை ஒவ்வொரு முறையும் சமாளிக்கிறது.

"ஒரே மாதிரி பத்துத் தடவை, காலையும் மாலையும்" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். பத்துத் தடவை, பத்து இடத்தில் பூ.

*

உட்கார்ந்தபடி கையை நீட்டுவது கைவேலை மட்டும் இல்லை. கை கிளம்புவதற்கு முன்பே முதுகும் இடுப்பும் இறுகித் தயாராகின்றன. அந்தத் தயாரிப்பு சரியாக நடக்காததால்தான் அம்மா வலப்பக்கம் சாய்கிறார். பூத்தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கணும்.

*

மகள் ஊட்டிவிடுகிறாள், தலை பின்னிவிடுகிறாள். மூன்று மாதமாக வலது கைக்கு வேலையே இல்லை. எட்வர்ட் டௌப் இதைக் குரங்குகளிடம் கண்டார்: முயன்று தோற்ற கையை, பிறகு அது ஓரளவு தேறினாலும், உபயோகிக்காமலே விட்டுவிடும். அவர் வகுத்த சிகிச்சையில் நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, இரண்டு வாரம் பூட்டி வைப்பார்கள். மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது தானாக நிமிரும் கைக்குத்தான் அது. இவருக்கு இப்போது வேண்டாம். பூ கட்ட இரண்டு கையும் வேண்டும். அந்த ஆசையை உறைக்குள் போட மனசு வரவில்லை.

மகளிடம் பேசியாயிற்று. இட்லியைப் பிட்டு வைக்கட்டும், வாய் வரை கொண்டுபோவது அம்மாவின் வேலை. அரைமணி ஆனாலும் சரி. அவள் கண் கலங்கினாள்.

*

கிளம்பும்போது அம்மா கூப்பிட்டார். பேச்சு இன்னும் குழறல்தான், ஆனால் இது தெளிவாக வந்தது. "நூல் சரிப்படாதுப்பா. வாழைநார் கொண்டா. நனைச்சு வச்சுக் கொண்டா."

நாளைக்கு: நார், ஈரத்துணி. முல்லை கிடைத்தால் முல்லையும். மொட்டு இன்னும் சின்னது.