கப்பலேறும் முன் ஓர் இரவு

நம் சேலம், நாமக்கல் சமவெளி கடலறியாத நிலம். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை ஆகியவை காவல் நிற்க, மரவள்ளியும் சோளமும் நிலக்கடலையும் விளையும் செம்மண் பூமி இது. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுந்தபின், நம்மில் பலர் தம் வாழ்நாளில் கண்ட மிகப் பெரிய நீர்ப்பரப்பு அவ்வணையின் நீர்த்தேக்கமே. ஆகவே, கப்பலேறப் போகிறோம் என்று ஒரு குடும்பம் சொல்லும்போது அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

அத்தகைய குடும்பங்கள் இப்போது சில உள்ளன. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' என்னும் பயணிகள் கப்பல் புறப்பட்டது. பின்னர் 2024 ஆகஸ்டு 16-இல் 'சிவகங்கை' என்னும் கப்பலோடு அச்சேவை மீண்டும் தொடங்கிற்று. ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவு. நான்கு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்து உறவினரைக் காணவும், மன்னார் மறைமாவட்டத்திலுள்ள மடு மாதாவைத் தரிசிக்கவும் விரும்புவோர்க்கு இது நல்ல வாய்ப்பு. இவர்கள் பங்குத் தந்தையிடம் முதலில் கேட்பது பயணச் சீட்டைப் பற்றியன்று. "சாமி, முந்தின ராத்திரி எங்கே தங்குறது?" என்பதே அவர்களுடைய முதற் கேள்வி.

கேட்பதற்கு இது சிறு கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணமும், வயது முதிர்ந்த பாட்டியின் உடல் நலமும், பல நாள் நேர்ந்துகொண்ட திருப்பயணமும் அந்த ஓர் இரவைப் பொறுத்து நிற்பதுண்டு. கப்பல் காலையில் புறப்படுவது. அதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்திற்குச் சென்று, கடவுச்சீட்டையும் பயண அனுமதியையும் காட்டி, சுங்கச் சோதனைக்கு மூட்டை முடிச்சுகளைத் திறந்து வைத்தல் வேண்டும். சேலத்திலிருந்து நாமக்கல், தொட்டியம், முசிறி, திருச்சி, தஞ்சை வழியாக நாகைக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர். காவிரித் தாயின் கரையோடு கடல்வரை செல்லும் அழகிய வழிதான் அது. எனினும் நெடிய வழி. இரவெல்லாம் வண்டியில் கண்விழித்து, விடியலில் துறைமுகம் சேர்ந்து, அப்படியே கப்பலேறிவிடலாம் எனச் சிலர் கணக்கிடுகின்றனர். வழியில் ஒரு சக்கரம் பழுதுபட்டால் அக்கணக்கு முடிந்தது. பழுது ஏதும் நேராவிடினும், உறக்கமின்றி, வெறும் வயிற்றோடு கடலில் இறங்குபவரையே குமட்டலும் தலைச்சுற்றலும் முதலில் பற்றிக்கொள்கின்றன.

ஆகவே ஓர் இரவு தங்கியே ஆகவேண்டும். எங்கே தங்குவது?

நம் நாமக்கல் லாரி ஓட்டுநர்களிடம் இதற்கு ஒரு பாடம் உண்டு. இந்தியாவின் எல்லாத் திசைகளுக்கும் சென்று வரும் அவர்கள் இரவு நிறுத்தத்தை விளக்கு வெளிச்சம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. வண்டியைப் பத்திரமாக நிறுத்த இடம் உண்டா, நல்ல தண்ணீர் உண்டா, விடியலில் தடையின்றிப் புறப்பட முடியுமா என்பவற்றையே பார்க்கின்றனர். கடற்பயணம் செல்லும் குடும்பமும் இவ்வாறே பார்க்க வேண்டும். தங்குமிடத்தின் அழகு மறுநாள் நம்மோடு வரப்போவதில்லை. நாம் பெற்ற உறக்கமே உடன் வரும்.

தஞ்சையிலும் கும்பகோணத்திலும் வசதியான விடுதிகள் பல உள்ளன. பெரிய கோயிலையும் பார்த்தது போலாகும் என்று அங்கே தங்க எண்ணுவோர் உண்டு. திரும்பி வரும்போது தங்கலாம், போகும்போது வேண்டாம். தஞ்சையிலிருந்து நாகை இன்னும் 80 கிலோமீட்டருக்கு மேல். கடைசி இரவில் நமக்கும் துறைமுகத்துக்கும் இடையே அவ்வளவு சாலை மீதமிருத்தல் கூடாது.

அடுத்தது வேளாங்கண்ணி. நம் குடும்பங்களில் பெரும்பாலோர் விரும்புவது இதனையே. விரும்புவதில் நியாயமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் மக்காவோவிலிருந்து இலங்கை நோக்கி வந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, தேவமாதாவிடம் நேர்ந்துகொண்டு, செப்டம்பர் 8-ஆம் நாள் அக்கரையில் உயிரோடு சேர்ந்தனர் என்பது மரபு. நேர்ச்சையை நிறைவேற்ற அவர்கள் எழுப்பிய சிற்றாலயமே வளர்ந்து, 1962-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. கடலோடிகளின் தாயிடம் விடைபெறாமல் கப்பலேறுவதா என்று நம் தாய்மார்கள் கேட்பது இயல்பே.

எனினும் சில செய்திகளை எண்ணிப் பார்க்கவேண்டும். வேளாங்கண்ணி நாகைக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ளது. சாதாரண நாட்களில் இது ஒரு தொலைவே அன்று. திருத்தலத்தின் விடுதிகளும் ஏழைகளுக்கு ஏற்றவை. ஆனால் ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவின்போதும், பெரிய விடுமுறை நாட்களிலும் அறை கிடைப்பது அரிது. சாலையில் வண்டி நகர்வது அதனினும் அரிது. அந்நாட்களில் கடற்கரைச் சத்தமும் நள்ளிரவு வரை ஓயாது. குழந்தைகள் உறங்குவது எங்ஙனம்?

ஆகவே நம் பங்குக் குடும்பங்களுக்குச் சொல்லுவது இதுதான்: இரண்டு இரவுகள் தங்க வசதியுள்ளோர் முதல் இரவை மாதாவின் திருத்தலத்தில் கழித்து, காலைத் திருப்பலி கண்டு, நற்கருணை வாங்கி, மாலைக்குள் நாகைக்கு வந்து துறைமுகத்தின் அருகிலேயே உறங்குக. ஓர் இரவுக்கு மட்டும் பணமுள்ளோர் நாகையில் தங்கி, திரும்பும் வழியில் மாதாவுக்கு நன்றி சொல்லுக. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். நாகையில் அறை கிடைக்காவிடில், வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் நாகூர் உண்டு; தர்காவை நாடி வரும் எல்லா மதத்தவர்க்கும் இடம் தந்து பழகிய ஊர் அது.

விடுதியில் கேட்க வேண்டியவை சில. பாட்டி ஏற முடியாத மாடியா, கீழ்த்தளமா? விடியலுக்கு முன் கதவைத் திறந்து விடுவார்களா? துறைமுகம் செல்ல ஆட்டோவை முன்னிரவிலேயே பேசி வைக்க முடியுமா? கப்பல் ரத்தானால் மறுநாளும் அறை தருவார்களா? இவற்றுள் கடைசிக் கேள்வியே முக்கியமானது. 2023-இல் தொடங்கிய சேவை பருவமழை காரணமாக ஒரு வாரத்திற்குள் நிறுத்தப்பட்டதை மறக்கலாகாது. வடகிழக்குப் பருவக் காற்று நம் நாட்குறிப்பைப் பார்த்து வீசுவதில்லை. எனவே புறப்படும் முன் கப்பல் உண்டா என்பதை உறுதி செய்துகொண்டு, இன்னோர் இரவுக்கான பணத்தைத் தனி முடிச்சாகக் கட்டி வைத்தல் வேண்டும். அது இல்லாதவர்களே, "எப்படியும் இன்றே போக வேண்டும்" என்று பதறுகின்றனர்.

இப்பதற்றத்தைப் பற்றி விவிலியத்திலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. புனித சின்னப்பரைக் கைதியாக ஏற்றிச் சென்ற கப்பல், கிரேத்தாத் தீவில் 'நல்ல துறைகள்' எனப் பெயர் கொண்ட ஓர் இடத்தை அடைந்தது. கடற்பயணத்துக்குரிய காலம் கடந்துவிட்டது, இனிச் செல்வது ஆபத்து என்றார் அப்போஸ்தலர். ஆனால் குளிர்காலத்தைக் கழிக்க அத்துறை வசதியானதன்று எனப் பெரும்பாலோர் கருதினர். இன்னும் வசதியான பெனிக்சு துறையை நாடிப் புறப்பட்டனர். பின் நடந்ததை நாம் அறிவோம். புயல் அடித்தது, கப்பல் உடைந்தது, அதிலிருந்த 276 பேரும் இறையருளால் மால்டாத் தீவில் கரையேறினர். வசதிக் குறைவான தங்குமிடத்தைப் பொறுத்துக்கொள்ள மனமின்றிப் போனதே அத்தனை துன்பத்துக்கும் தொடக்கம்.

நமக்கு இப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமையேனும் இருக்கிறது. நம் முன்னோர்க்கு அதுவும் இல்லை. திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தொழிலாளர், கப்பலேறும் முன் மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டனர். அங்கே அம்மை குத்தி, உடைகளை நீராவியில் வேகவைத்து, நோயில்லை எனக் கண்ட பின்னரே தலைமன்னாருக்கு அனுப்பினர். மலாயா சென்றோர்க்கு நாகப்பட்டினத்திலேயே முகாம் இருந்தது. கரையில் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் தொலைவில் நிற்கும். படகிலேறிச் சென்று கப்பலைப் பிடித்தனர். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயர் அக்காலத்து முதியோர் நாவில் நெடுநாள் வாழ்ந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் தாயகம் திரும்பியோரை எதிர்கொண்டதும் அதே மண்டபம்தான். நாகைத் துறைமுகத்தில் கால் வைக்கும்போது அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்வது நம் கடமையன்றோ?

இறுதியாக ஒன்று. அதே புனித சின்னப்பர் முன்னொரு முறை தீர் நகரில் கப்பல் சரக்கு இறக்கும் வரை ஏழு நாள் தங்கினார். அங்கிருந்த சீடர்களைத் தேடிக் கண்டு அவர்களோடு தங்கினார். புறப்படும் நாளில் அவர்கள் மனைவி மக்களோடு கடற்கரை வரை வந்து, முழந்தாளிட்டுச் செபித்து வழியனுப்பினர். விடுதி என்பதன் முழுப் பொருள் அதுவே. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் நம் ஊர்களின் வழியேயும் செல்கின்றனர். கொப்புளம் கண்ட கால்களோடு, ஓர் இரவு படுக்க இடம் தேடுகின்றனர். கப்பலேறும் முன் நமக்கொரு நல்ல அறை கிடைக்கவேண்டுமென விரும்பும் நாம், நம் கோயில் தாழ்வாரத்தையும் வீட்டுத் திண்ணையையும் அவர்களுக்குத் திறந்து வைப்போமாக. குடிக்க ஒரு குடம் தண்ணீரும், கால் கழுவ ஒரு வாளி வெந்நீரும் போதும்.