பெரியம்மாவின் மைலோ

முட்டி வலிக்கு வெந்நீர் ஊற்றுதான் மருந்து என்பது எங்கள் வீட்டில் பழைய நம்பிக்கை. அப்பா இருந்தவரை மாதம் ஒருமுறை கிள்ளானிலிருந்து செலாயாங் வெந்நீர்க் குளத்துக்குப் போய்விடுவார். ஒரு வாளி, ஒரு துண்டு, பிளாஸ்க்கில் காப்பி. காலை நனைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீனத் தாத்தாவோடு மலாயில் கதை பேசுவார். அதனால், தோக்கியோவில் வேலை செய்யும் மகள், "குசாட்சுன்னு ஒரு ஊரு இருக்கும்மா, ஊரே வெந்நீருதான். வாங்க, முட்டிக்கு நல்லது" என்று கூப்பிட்டபோது நான் மறுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டைப் பூட்டிவிட்டு, கிள்ளானில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அம்மாவுக்கு வயது 84. "ஏதாச்சும் மருந்து இருந்தா வாங்கிட்டு வா" என்றார்.

உவேனோ நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். பிறகு மலைப் பாதையில் பேருந்து. குசாட்சு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கியதுமே கந்தக வாடை. ஊரின் நடுவில் யுபத்தாகே. 'வெந்நீர் வயல்' என்று பொருள். நிமிடத்துக்கு 4,000 லிட்டர் வெந்நீர் அங்கே பூமியிலிருந்து பொங்கி, வரிசையாக வைத்த மரக் கால்வாய்களில் ஓடி ஆறுகிறது. குளிக்க முடியாத சூடு. ஆனாலும் பச்சைத் தண்ணீர் கலக்கமாட்டார்கள், மருந்து நீர்த்துப் போகுமாம். அந்தக் காலத்தில் நீண்ட பலகைகளால் தொட்டித் தண்ணீரைத் துழாவித் துழாவிச் சூட்டைத் தணித்தார்கள். இப்போது அதையே பாட்டோடு சுற்றுப்பயணிகளுக்குச் செய்து காட்டுகிறார்கள்.

யுபத்தாகேயின் ஓரத்திலேயே ஷிராஹதா என்ற பொதுக் குளியல் கொட்டகை. கட்டணம் கிடையாது. பெண்கள் பக்கம் நுழைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: ஒரு நூல் துணி இல்லாமல் இறங்கவேண்டும். ஐம்பத்தெட்டு வயதில், பெற்ற மகள் முன்னால்! "கைலி கட்டிக்கிறேன்டி" என்று கெஞ்சினேன். "துணி தண்ணில படக்கூடாதும்மா. யாரும் பாக்கமாட்டாங்க" என்று அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் போனேன். மரவாளியில் மொண்டு மேலே ஊற்றிக்கொண்டு தொட்டி ஓரத்தில் தயங்கி நின்றேன். உள்ளே நாலைந்து பெண்கள். அங்கே இருந்த ஒரே கறுப்புத் தோல் எங்கள் இருவருடையதுதான். ஒரு பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் தண்ணீரை இரண்டு முறை தட்டினார். 'இங்கே உட்கார்.' அவ்வளவுதான். சுரீரென்று சுட்டது. கண்ணில் பட்ட துளி எலுமிச்சைச் சாறாய் எரிந்தது; அத்தனை அமிலம் அந்தத் தண்ணீரில். பாட்டி மூன்று விரலைக் காட்டினார், மூன்று நிமிடம் போதும் என்று. முட்டியை மறந்து, வெட்கத்தையும் மறந்து உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி தன் தண்ணீரில் எனக்கு இடம் கொடுத்ததே மனதில் நின்றது.

மறுநாள் காலை மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "இங்க ஒரு மியூசியம் இருக்கும்மா, தொழுநோய் பத்தி" என்றாள். கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன்.

இந்தத் தண்ணீர் தோல் வியாதிகளைத் தீர்க்கும் என்று நம்பி, ஜப்பான் முழுவதிலுமிருந்து தொழுநோயாளிகள் குசாட்சுவுக்கு வந்திருக்கிறார்கள். சுற்றுப்பயணிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று 1887இல் அவர்களை ஊரின் ஓரத்தில் யுனோசாவா என்ற இடத்துக்கு ஒதுக்கினார்கள். அங்கே அவர்கள் தங்களுக்கென்று விடுதி, கடை, குளியலிடம் எல்லாம் வைத்துத் தாங்களே நிர்வாகம் நடத்தினார்கள். 1916இல் கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி வந்து அவர்களுக்கு மருத்துவமனையும் இல்லங்களும் அமைத்தார். 1932இல் அரசாங்கம் பக்கத்திலேயே குரியு ரகுசென்-என் என்ற தொழுநோய் இல்லத்தைத் திறந்தது. போர்க்காலத்தில் யுனோசாவா கலைக்கப்பட்டது.

அந்த இல்லத்தின் வளாகத்தில் 1938இலிருந்து 1947வரை ஒரு தண்டனைச் சிறை இருந்தது. நாட்டின் மற்ற தொழுநோய் இல்லங்களில் 'அடங்காதவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களை இங்கே அனுப்பினார்கள். விசாரணை கிடையாது, இல்லத் தலைவர் சொன்னால் போதும். பனி கொட்டும் மலையில் நெருப்பில்லாத அறை. 93 பேர் அடைக்கப்பட்டு, 23 பேர் செத்துப்போனார்கள். 2014இல் திறந்த அருங்காட்சியகத்தில் அந்த அறையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன். நோய்க்கு மருந்து 1940களிலேயே வந்துவிட்டது. ஜப்பானில் ஒதுக்கி வைக்கும் சட்டம் நீங்கியது 1996இல்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் மகள். அவளுக்குச் சுங்கை பூலோ பெரியம்மாவைப் பற்றி நான் சொன்னதே இல்லை.

அம்மாவின் அக்கா. காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். பதினேழு வயதில் கையில் உணர்வில்லாத ஒரு திட்டு. 1954இல் சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்தில் கேட்டவர்களிடம் தாத்தா, "ஊருக்கு அனுப்பிட்டோம், அங்க கட்டிக் குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டார். தமிழ்நாட்டைத்தான் ஊர் என்பார்கள்.

சுங்கை பூலோ 1930இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு நோயாளிகள் பட்ட பாட்டைப் பார்த்த டாக்டர் டிராவர்ஸ் போன்றவர்கள், சிறை மாதிரி இல்லாமல் ஒரு தோட்ட நகரமாக அதைக் கட்ட விரும்பினார்கள். சின்னச் சின்ன வீடுகள், பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம். செலவுக்குத் தனிப் பணநோட்டுகூட அச்சடித்தார்கள். குசாட்சுவின் சிறையோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும் உள்ளே அனுப்பியது சட்டம்தான். அங்கே பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துத்தான் வளர்த்தார்கள், தத்துக் கொடுத்தார்கள். குணமான பின்பும் பலர் அங்கேயே இருந்தார்கள், போக வீடில்லாததால். பெரியம்மாவும் அப்படித்தான். பூச்செடி வளர்த்து விற்றார். இன்று கோலாலம்பூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கார் போட்டுக்கொண்டு போய்ச் செடி வாங்கும் நாற்றுப்பண்ணைகளெல்லாம் அப்படித் தொடங்கியவைதான்.

1977இல், எனக்குப் பதினொரு வயதில், அம்மா என்னை அங்கே கூட்டிப்போனார். அப்பாவிடம், கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு. இரண்டு பஸ் மாறிப் போனோம். பெரியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் அதே மூக்கு. வலது கை விரல்கள் மடங்கி இருந்தன. "என் தங்கச்சி மவளா!" என்று சிரித்தார், தொடவில்லை. உள்ளே போய் மடங்கிய விரல்களுக்கிடையில் கரண்டியைச் செருகி மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். கிளாஸ் விளிம்புவரை நிறைய. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மைலோ பரீட்சைக்கு மட்டும்தான்.

"வேணாம் பெரியம்மா, வயிறு சரியில்ல" என்றேன்.

"பரவால்ல, கண்ணு" என்றார். கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா தன்னுடையதைக் குடித்தாரா என்று எனக்கு நினைவில்லை. குடித்திருப்பார் என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழுநோய் லேசில் தொற்றாது; பெரும்பாலோருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு; கிளாசில் வராது; மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களிடமிருந்து வரவே வராது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பின்பும் நான் போகவில்லை. பெரியம்மா 1994இல் இறந்தார். 2007இல் குடியிருப்பின் ஒரு பகுதியை இடித்தார்கள் என்று செய்தி வந்தபோது, அந்த வீடும் அதில் போயிருக்குமா என்று யோசித்தேன், அவ்வளவுதான். எஞ்சியதை 2011இல் தேசிய மரபுடைமை என்று அறிவித்தார்கள்.

குசாட்சுவிலிருந்து அம்மாவுக்குக் கந்தகப் பொடி வாங்கி வந்தேன். கிள்ளான் வீட்டில் பேசினில் வெந்நீர் ஊற்றி, பொடியைக் கரைத்து அவர் காலை அதில் வைத்தேன். வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார். அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னேன். பாட்டி தண்ணீரைத் தட்டிக் கூப்பிட்டதைச் சொன்னேன். பிறகு மைலோவைச் சொன்னேன். நாற்பத்தேழு வருடம் கழித்து.

அம்மா வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் பஸ்ஸுல சொல்லிக் கூட்டிட்டுப் போனேன், எதையும் வாங்கிக் குடிக்காதேன்னு. ஒனக்கு அது ஞாபகமில்ல" என்றார். பிறகு, "நானும் ஒருநாளும் குடிச்சதில்ல. அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் கலக்கிக் கொண்டாந்து வப்பா."

தண்ணீர் ஆறிவிட்டது. இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்றச் சொன்னார்.