முதலடிக்காரன்

நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுதுகிறேன். அதன் நீளம் இரண்டு அடி. அதற்குக் கிடைத்த பரிசு ஒரு சவர்க்காரக் கட்டி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில் இலுப்பைக்கடவை எங்கள் ஊர். மேற்கே கடல், மற்றப் பக்கம் வயல். மின்சாரம் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் விடாத சாமான்களில் ரோச் பற்றரியும் ஒன்று. சவர்க்காரம் அகப்பட்டால் அதிர்ஷ்டம். பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்த காலம் அது.

ரேடியோ மட்டும் நிற்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து, இருக்கையும் ஹான்டிலும் நிலத்தில் படும்படி நிறுத்துவோம். ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். பின்சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். ரேடியோ திருத்துகிறவர் நடுவில் ஒரு டயோட் வைத்து ஒட்டித் தந்திருந்தார். மெல்லச் சுற்றினால் பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். ஒரே சீராகச் சுற்றினால்தான் பாட்டு. கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும்.

சுற்றியது அக்கா. கேட்டது நான்.

பாட்டுக்குப் பாட்டு என்றால் இலங்கைத் தமிழருக்குப் பி.எச். அப்துல் ஹமீதின் குரல்தான் முதலில் ஞாபகம் வரும். இலங்கை வானொலியில் அவர் நடத்திய அந்த விளையாட்டு பிறகு சன் தொலைக்காட்சி வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் போனது. எழுத்தைச் சொல்வார், அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டுக்குப் பந்தல் போடுகிற இரவுகளில் இதுதான் பொழுதுபோக்கு. பெரியவர் ஒருவர் எழுத்தைச் சொல்லிப் பத்து எண்ணுவார். அதற்குள் தொடங்க வேண்டும். இரண்டு அடி பாடினால் போதும்.

அந்த ‘இரண்டு அடி போதும்’ என்ற விதிதான் என்னைக் கெடுத்தது. 80 பக்கக் கொப்பி ஒன்றில் அகர வரிசையில் பக்கம் பிரித்து, ரேடியோவில் வருகிற பாட்டுகளின் முதலடிகளை எழுதி வைத்தேன். ‘அ’வுக்கும் ‘க’வுக்கும் பக்கம் போதாது. சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் தள்ளிவைத்த ‘ர’கரத்தை ராஜாவும் ரோஜாவும் ராத்திரியும் நிரப்பிவிட்டன. ‘ஞ’ மட்டும் ஞாயிறு, ஞானம் என்று இரண்டு மூன்று வரியோடு வெறுமையாகக் கிடந்தது.

பாட்டுத் தொடங்கும். முதலடியை எழுதுவேன். எழுதி முடிந்ததும் எனக்கு அந்தப் பாட்டோடு கணக்குத் தீர்ந்தது. ஸ்டேஷனைத் திருப்பி வேறு பாட்டுத் தேடுவேன். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு நிலையங்களும் எங்களுக்கு நன்றாக இழுக்கும். தேடினால் ஒன்று அகப்படும்.

“பொறடா தம்பி, சரணம் வரட்டும்” என்பாள் அக்கா, பெடலை விடாமல்.

“சரணம் ஆருக்கு வேணும்?”

சில நாள், “இனி நீ சுத்து, நான் கொஞ்சம் கேக்கிறன்” என்பாள். எனக்கு உடனே பள்ளிக்கூட வேலை ஞாபகம் வரும்.

ஒரு கலியாண வீட்டில் நடந்த பாட்டுக்குப் பாட்டில் கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். நானும், என்னைவிட நாலைந்து வயது குறைந்த ஒரு பெடியனும். அவன் கொப்பி வைத்திருக்கவில்லை. இரண்டு அடியோடு நிறுத்தாமல், பெரியவர் கை காட்டும்வரை சரணத்தையும் பாடிக்கொண்டே போவான். பந்தலுக்குக் கிடுகு கட்டியவர்கள்கூடக் கட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். எனக்குப் பற்றி எரிந்தது.

பெரியவர் எனக்கு ‘ஞ’ என்றார். இருந்த இரண்டு மூன்றும் முன்பே பாடி முடிந்துவிட்டன. ஏழு எண்ணிவிட்டார். எட்டு. வாயில் வந்ததைச் சேர்த்து, தெரிந்த ஒரு மெட்டில் போட்டு, இரண்டு அடி பாடினேன்.

“எந்தப் படம்?” என்றார்.

“பழைய படம். எம்.ஜி.ஆர். நடிச்சது” என்றேன். அந்த நேரத்தில் வன்னியில் உட்கார்ந்துகொண்டு எம்.ஜி.ஆர். படம் எல்லாவற்றையும் யார் சரிபார்ப்பது?

பெடியன் என்னைப் பார்த்தான். “அண்ணை, அடுத்த அடியைப் பாடுங்கோ” என்றான். அவன் பொய் பிடிக்கக் கேட்கவில்லை. தெரியாத பாட்டு ஒன்று அகப்பட்ட ஆசையில் கேட்டான். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

“ரெண்டு அடிதான் விதி” என்றேன்.

அடுத்த எழுத்தில் அவன் தடுமாறினான். எனக்குச் சவர்க்காரம் கிடைத்தது. வீட்டில் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு மாடத்தில் வைத்தாள். அவள் அதைத் தொடவே இல்லை. எத்தனை நாள் பெடல் சுற்றியவள்! நான் பாடியது எந்த ரேடியோவிலும் வராத பாட்டு என்பது அவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாளும் பனங்களியில்தான் தோய்த்தாள்.

2008 ஜூலையில் இலுப்பைக்கடவை இராணுவத்தின் கைக்குப் போனது. அதற்கு முன்பே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். கொப்பி ஏறவில்லை. மீளக் குடியேறி வந்தபோது கூரையே இல்லை, கொப்பியைத் தேடுவது எங்கே? பல வருடம் அதை ஒரு பெரிய இழப்பாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதி என்று ஒன்று இருக்கும். நானும் அப்படி ஒன்றைத்தான் தொகுத்தேன் என்று பெருமை அடித்தேன். அந்தப் புத்தகங்களில் அகராதிக்கு முன்னால் நூல் இருக்கிறது. என்னிடம் அகராதி மட்டும்தான் இருந்தது.

இதை எனக்கு உறைக்க வைத்தது ஜப்பான். அக்காவின் மகன் அங்கே வேலை செய்கிறான். ஒரு நாள் போனில், “மாமா, உங்கட விளையாட்டு இங்கயும் இருக்கு” என்று ஒரு வீடியோ காட்டினான். இரண்டு பேர் எதிரெதிராக முழங்காலில் இருக்கிறார்கள். நடுவில் அட்டைகள். ஒருவர் பாட்டை ராகம் போட்டு வாசிக்கத் தொடங்க, மின்னல் மாதிரி ஒரு கை ஒரு அட்டையைத் தட்டிப் பறக்கவிடுகிறது. நூறு புலவர்கள், ஆளுக்கொரு பாட்டு. ஃபுஜிவாரா நோ தெய்க்கா என்ற புலவர் 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்தது. ஒவ்வொரு பாட்டும் 31 அசை. ‘அ’வில் 16 பாட்டுத் தொடங்குகிறது, அங்கே இன்னும் சில அசை கேட்டுத்தான் எந்தப் பாட்டு என்று முடிவு செய்யலாம். மு, சு, மெ, ஃபு, ச, ஹொ, செ என்ற ஏழும் தனி. அந்த அசைகளில் தொடங்குவது ஒவ்வொரு பாட்டுத்தான். வாசிப்பவர் ‘மு’ என்று வாய் திறந்ததும் கை பாய்ந்துவிடும்.

“பாத்தியா, முதல் எழுத்துத் தெரிஞ்சாப் போதும்” என்றேன்.

“இல்லை மாமா. நிலத்தில கிடக்கிற அட்டையில பாட்டின்ட கடைசி 14 அசைதான் எழுதியிருக்கும். தொடக்கம் அதில இல்லை. முதல் எழுத்தைக் கேட்டவுடன முடிவைத் தொட வேணும்.”

அதற்குப் பிறகு அவன் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அங்கே என்னைப் போன்றவனுக்கு ஒரு அட்டைகூடக் கிடைத்திருக்காது.

போன மழைக்கு முன் ஒரு மாலை, விறாந்தையில் அக்கா ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தாள். இரண்டு அடியில் நின்றுவிட்டது. “மிச்சம் என்னடா?” என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. “எனக்கும் தெரியாது. செயின் சத்தத்தில கேட்டதுதானே, அதுக்குள்ள நீ திருப்பிப்போடுவாய்” என்று சிரித்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். இரண்டு பேருக்கும் சரணம் புதிதாக இருந்தது.

பெடியனின் கணக்கு இன்னும் தீரவில்லை. போன வருடம் மன்னார் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. “அண்ணை, சுகமா இருக்கிறியளா?” என்று அவராக வந்து கேட்டார். சொல்லிவிட அதைவிட நல்ல இடம் இல்லை. “சுகம், சுகம்” என்று சொல்லிவிட்டு, பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தும் ஓடி ஏறிக்கொண்டேன்.

ஆகையால் இங்கே எழுதுகிறேன். தம்பி, நீங்கள் கேட்ட அடுத்த அடி இல்லை. அந்தப் பாட்டு எந்தப் படத்திலும் இல்லை. அந்தச் சவர்க்காரம் உங்களுடையது.