அச்சம் தீர்க்கும் அன்பு

நாய் நன்றியுள்ள விலங்கு என்பதை அறியாதார் இலர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. அது பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர் துறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாயும் அக்கல்லில் இடம் பெற்றுள்ளது. அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் கல்வெட்டுக் கூறுகின்றது.

ஆயினும், எல்லா நாய்களும் கோவிவனைப் போல அஞ்சாமையுடன் வாழ்வதில்லை. மனிதரைக் கண்டாலே நடுங்கும் நாய்களும் உண்டு. சென்னையில் 1959 ஆம் ஆண்டில் கேப்டன் சுந்தரம் என்பவர் புளூ கிராஸ் என்னும் விலங்கு நலச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று இத்தகைய காப்பகங்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. அங்கு நாய் பெற வருவோர் வாலை ஆட்டித் துள்ளி வரும் நாயையே விரும்பி எடுத்துச் செல்வர். மூலையில் ஒடுங்கி, வாலைக் கால்களுக்கிடையே செருகிக் கொண்டிருக்கும் நாயை நாடுவார் சிலரே. நாள்கள் செல்லச் செல்ல, அதன் அச்சமே அதற்குச் சிறையாகி விடுகின்றது.

இவ்வச்சம் நாயின் குற்றமன்று. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே அது உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்று அமெரிக்க அறிஞர்களான ஸ்காட்டும் புல்லரும் ஆராய்ந்து கண்டனர். 1965 ஆம் ஆண்டில் அதனை நூலாகவும் வெளியிட்டனர். அப்பருவத்தில் மனிதரின் அன்பை அறியாத குட்டி, வளர்ந்த பின்னரும் மனிதரைக் கண்டு விலகும். கல்லடியும் தடியடியும் பட்ட நாயைப் பற்றிக் கூறவே வேண்டுவதில்லை.

இத்தகைய நாய் ஒன்று, காரைக்குடியில் உள்ள செட்டிநாட்டு இல்லம் ஒன்றிற்கு வந்து சேர்வதாகக் கருதுக. அகன்ற முகப்பு, நீண்ட வளவு, வானம் தெரியும் முற்றம், வழவழப்பான ஆத்தங்குடித் தளம் ஆகியவை மனிதர் கண்ணுக்கு அழகியவை. அஞ்சிய நாய்க்கோ அத்தளம் கால் வழுக்கும் புது நிலம்; அங்கே எழும் ஒவ்வோர் ஓசையும் எதிரொலித்து அதனை அச்சுறுத்தும். ஆதலால் அதற்கு முதலில் வேண்டுவது அரண்மனையன்று. ஓர் அமைதியான மூலையும், கால் ஊன்ற ஒரு கோணிச்சாக்குமே.

வீட்டுச் சிறுவர் அதனைத் தூக்கிக் கொஞ்ச விழைவர். "அதைத் தொடாதீர்கள், அப்பா! அதுவே நம்மிடம் வரட்டும்" என்று வீட்டு ஆச்சி கூறுவாராயின், அதுவே சிறந்த அறிவுரை. ஒதுங்க இடமின்றி நெருக்கப்பட்ட நாய் அச்சத்தாலேயே கடித்துவிடக் கூடும். அதன் கண்களை உற்று நோக்குதல் ஆகாது. தலைக்கு மேல் கையை நீட்டுதலும் ஆகாது. சற்று விலகிப் பக்கவாட்டில் அமர்ந்து, நாள்தோறும் அதே வேளையில், காரமும் வெங்காயமும் சேராத உணவை வைத்தல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியையும் உரிய காலத்தில் இடுதல் வேண்டும்.

முதல் மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் உறவு என்பது நாய் வளர்ப்போரிடையே வழங்கும் ஒரு கணக்கு. சில நாய்களுக்கு அதனினும் நெடுங்காலம் ஆகும். அதுவரை அன்பு செய்வோர் கைம்மாறு கருதாது காத்திருத்தல் வேண்டும். துள்ளி வரும் நாயை விரும்புதல் எளிது. தன்னைக் கண்டு ஒதுங்கும் உயிருக்கு நாள்தோறும் உணவு வைத்து, வெறுப்பின்றி விலகியிருத்தல் அரிது. உயிர்களிடத்து ஒருவர் கொண்ட அன்பு இங்கேதான் சோதிக்கப்படுகின்றது.

பின்னர் ஒரு நாள், அந்நாய் தானே எழுந்து, தயங்கித் தயங்கி நடந்து, கீழே தாழ்த்திய ஒரு கையை முகரும். கள்வரை எதிர்த்து நின்ற கோவிவனின் செயல் வீரம் எனின், தன் அச்சத்தை எதிர்த்து நாலடி நடந்து வந்த இந்நாயின் செயலும் வீரமேயாகும். அவ்வீரத்தை அதற்கு அளித்தது, அவ்வீட்டாரின் பொறுமை.